அச்சில் வந்த படமும் அலமாரியில் பூட்டிய படமும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளைக் காட்டும் பழைய ஒல்லாந்த வரைபடங்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எங்கள் ஆட்களின் வீட்டு முன்னறைச் சுவர்களில் ஏறிவிட்டன. சிலர் ஏலத்தில் எடுத்த அசல் தாளையே கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பலரிடம் இருப்பது நல்ல தாளில் எடுத்த நகல். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இங்க பாருங்கோ, இதுதான் எங்கட புங்குடுதீவு. ஒல்லாந்தன் மிடில்பேர்க் எண்டு பேர் போட்டிருக்கிறான்" என்று விரல் வைத்துக் காட்டும்போது அந்தக் குரலில் ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. நான் வேலணைக்காரி. என் தீவுக்கு அந்தப் படத்தில் லெய்டன் என்று பெயர்.

இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து, பின்னாலுள்ள கதையையும் வாசித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அச்சில் வந்த இந்தத் தாள்களை எங்கள் கடலுக்கு ஒருநாளும் வரப்போகாத மனிதர்களுக்காகத்தான் செய்தார்கள். வந்து போகிறவர்களுக்கென்று தனியாக வேறு படங்கள் இருந்தன. அவை கையால் எழுதியவை, எண்ணிக் கொடுத்தவை, திருப்பி வாங்கிப் பூட்டி வைத்தவை. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால், சுவரில் தொங்கும் தாள் சொல்வதையும் விட்டதையும் எங்களால் சரியாக வாசிக்க முடியாது. அதைத்தான் இன்று கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன்.

முதலில் பெயர்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு றொட்டர்டாம். எழுவைதீவு ஹோர்ன். நெடுந்தீவு டெல்ஃப்ட். ஊர் நினைவில் தவிக்கிற யாரோ மாலுமி வைத்த பெயர்கள் என்று நான் சின்ன வயதில் எண்ணியிருந்தேன். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கட்டமைப்பைப் படித்தால் வேறு ஒழுங்கு தெரிகிறது. 1602-ல் தொடங்கிய அந்தக் கம்பனிக்கு ஆறு கிளைகள்: அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சீலாந்து, டெல்ஃப்ட், றொட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன். முதல் போட்டவர்கள் அந்த நகரங்களில் இருந்தார்கள். கப்பல் கட்டியதும் அங்கே. இலாபம் போய்ச் சேர்ந்ததும் அங்கே. எல்லாவற்றுக்கும் மேலே பதினேழு பேர் கொண்ட இயக்குநர் சபை, அதில் அம்ஸ்டர்டாமுக்கு மட்டும் எட்டு இடம். எங்கள் தீவுகளில் ஐந்து இந்தக் கிளை நகரங்களின் பெயரைச் சுமந்தன. மிச்சம் இரண்டான லெய்டனும் ஹார்லெமும் கிளை நகரங்கள் அல்ல. துணிக்குப் பேர்போன நகரங்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் பக்கத்து மணல் தரைகளில் சாயவேர் தோண்டினார்கள். பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றுகிற வேர் அது, கம்பனி அதைத் தன் கையில் இறுக்கி வைத்திருந்தது. துணி நகரங்களின் பெயரும் சாயவேரும் ஒரே கடற்கரையில் வந்து சேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது பங்குதாரர் பட்டியல் ஒன்றைக் கடலின் மேல் எழுதி வைத்ததுபோலத்தான் எனக்குத் தெரிகிறது.

இந்தப் பெயர்களில் ஒன்றே ஒன்றுதான் நிலைத்தது. ஆங்கிலேயர் டெல்ஃப்டை எடுத்துக்கொண்டார்கள், அரச ஆங்கிலத்தில் இன்றும் அது அப்படியே இருக்கிறது. அங்கே பிறந்த எவரும் தமிழில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நெடுந்தீவு என்பார்கள், இல்லாவிட்டால் வெறுமனே தீவு என்பார்கள். ஊர்காவற்துறைக்கு ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட கயிற்ஸ் அதற்கும் முந்தியது. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், துறைமேடையைச் சொன்ன சொல் அது. அங்கிருந்துதான் யானைகளைக் கப்பலேற்றினார்கள்.

இனி, இந்தப் படங்களிலே அதிகம் புழங்குகிற படத்துக்கு வருவோம். அது 1672-ல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஒரு தடித்த நூலுக்குள் இருக்கிறது. எழுதியவர் பிலிப்பஸ் பல்தேயஸ். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றையும் விவரிக்கும் நூல். பல்தேயஸ் 1632-ல் பிறந்தது டெல்ஃப்ட் நகரத்தில். ஓவியர் வெர்மீர் பிறந்ததும் அதே ஆண்டு, அதே ஊர். 1658-ல் றிக்லொவ் வான் கூன்ஸ் படையோடு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது பல்தேயஸ் படையின் மதபோதகராகக் கூடவே இருந்தார். ஜூன் மாதம் கோட்டை விழுந்தது. அதன்பின் 1660-களின் நடுப்பகுதிவரை யாழ்ப்பாணத்தில் தங்கி, கிராமம் கிராமமாகப் போய்த் தேவாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் மேற்பார்த்தார். தமிழ் படித்தார். அவர் நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை என்று ஊர் ஊராகத் தேவாலயங்களின் செதுக்குப் படங்கள் வருகின்றன. தமிழ் எழுத்துகளையும் தகட்டில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அச்சுக்கோக்கத் தமிழ் எழுத்து அம்ஸ்டர்டாம் அச்சகத்தில் இருக்கவில்லை, ஆகவே படத்தைச் செதுக்கியதுபோலவே "அ"வையும் "ஆ"வையும் செதுக்கினார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு கை அந்தச் சுழிகளை வளைக்கப் பட்ட பாடு தாளில் தெரிகிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைமேல் மரியாதை வருகிறது.

பல்தேயஸ் தீவுகளை நன்றாக அறிந்தவர். எங்கள் பெயர்களைத் தன் மொழிக்கு வந்தபடி எழுதி வைத்திருக்கிறார்: ஊராத்துறை (இன்றைய ஊர்காவற்துறை), காரைதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. நெடுந்தீவைப் பறங்கியர் பசுத்தீவு என்று அழைத்ததையும் சொல்கிறார். இதுதான் எனக்கு அவரிடம் பிடித்த இடம். கம்பனி தன் நகரங்களின் பெயரை ஒட்டிய பிறகும், ஒட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்பதை அவர் அழிக்காமல் விட்டார். நாற்பது வயதை ஒட்டி, நூல் வெளிவந்த காலத்திலேயே அவர் இறந்துபோனார்.

நூலை வெளியிட்டவர்கள் யார் என்று பார்த்தால் கதை இன்னும் பெரிதாகிறது. தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்: யொகானஸ் யன்சோனியஸ் வான் வாஸ்பெர்ஹ, யொகானஸ் வான் சோமரன். முதலாமவர் பெரிய வரைபடக் குடும்பத்துக்குள் மருமகனாக வந்தவர். புவிப்படத்தின் தந்தை என்று நாங்கள் பள்ளியில் படித்த மெர்காட்டர் 1594-ல் இறந்தார். அவருடைய செப்புத் தகடுகளை 1604-ல் யொடோக்கஸ் ஹொண்டியஸ் விலைக்கு வாங்கி, 1606-ல் புதிய படங்களும் சேர்த்து நிலப்படத் தொகுதியாக வெளியிட்டார். இலங்கைக்கென்று தனிப்படம் அதில் உண்டு. ஹொண்டியஸின் மகளைக் கட்டியவர் யான் யன்சோனியஸ். 1664-ல் அவர் இறந்தபோது தொழில் மருமகன் வான் வாஸ்பெர்ஹவின் கைக்குப் போனது. மெர்காட்டரின் தகடு தொடங்கி எங்கள் நெடுந்தீவுவரை, கலியாணத்தாலும் கொள்முதலாலும் கைமாறிய ஒரே வரிசைதான் இது.

அந்தக் குடும்பத்துக்கு எதிரே நின்றவர்கள் பிளாவு குடும்பம். அப்பா வில்லெம் பிளாவு, மகன் யொவான் பிளாவு. யொவானின் பெரிய நிலப்படத் தொகுதி 1662 தொடக்கம் லத்தீனில் 11 தொகுதிகளாக வந்தது. வண்ணம் தீட்டிய பிரதிக்கு 450 கில்டர்வரை விலை. வசதி படைத்த வணிகர்களும் இளவரசர்களும்தான் அதை வாங்கியிருக்க முடியும். இந்த இரண்டு வீடுகளும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துத் தொகுதிகளைப் பெருக்கின, ஒருவர் போட்ட படத்தை மற்றவர் சில மாற்றங்களோடு போட்டார். 1672 பெப்ரவரியில் அம்ஸ்டர்டாம் கிராவன்ஸ்திராத் தெருவில் பிளாவின் அச்சகம் எரிந்தது. தகடுகளும் தாள்களும் பெருந்தொகையாக அழிந்தன. மறுவருடம் யொவான் இறந்தார். அதே 1672-ல்தான் பிரான்சும் இங்கிலாந்தும் ஒரே நேரத்தில் ஒல்லாந்தின்மேல் பாய்ந்தன. ஒல்லாந்தர் அந்த ஆண்டை இன்றும் பேரிடர் ஆண்டு என்கிறார்கள். நாட்டுக்குள்ளே எதிரிப் படை நிற்கும் ஆண்டில், யாழ்ப்பாணத்தையும் தீவுகளையும் பற்றிய ஒரு விலையுயர்ந்த படநூல் ஒல்லாந்த மொழியில் ஒன்றும் ஜெர்மன் மொழியில் ஒன்றுமாக அம்ஸ்டர்டாமில் வெளிவந்திருக்கிறது. வாங்க ஆள் இருக்கும் என்று பதிப்பாளர் நம்பியிருக்கிறார்கள். தூரதேசப் படங்களுக்கு அந்த ஊரில் இருந்த பசியை இதைவிட நன்றாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

தகட்டில் படம் எப்படி ஏறியது என்பதையும் சொல்லவேண்டும். நல்ல செப்புத் தகட்டை மினுக்கி, மூலப்படத்தை அதன்மேல் இடம்வலம் மாற்றிப் பதித்து, கூரான உளியால் கோடு கோடாக வெட்டுவார்கள். அச்சில் நேராக வரவேண்டுமென்றால் தகட்டில் எல்லாமே தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாக இருக்கவேண்டும், ஊர்ப் பெயர்கள் உட்பட. வெட்டிய பள்ளத்துக்குள் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால் பள்ளத்து மை தாளுக்கு ஏறும். தகட்டின் விளிம்பும் தாளில் ஒரு நீள்சதுர அமுக்கமாகப் பதியும். செம்பு மென்மையான உலோகம். இழுக்க இழுக்கக் கோடு மழுங்கும். மழுங்கினால் மறுபடி வெட்டுவார்கள், பெயர் மாறினால் அந்த இடத்தைப் பின்புறமிருந்து தட்டிச் சமப்படுத்தி மேலே புதிதாக எழுதுவார்கள். தகடு விலை கூடியது என்பதால் யாரும் எறியமாட்டார்கள். ஒரே தகடு தலைமுறை தாண்டியும் ஓடும். ஆகவே ஒரு படத்தின் அடியில் இருக்கும் ஆண்டு, அதிலுள்ள செய்தியின் ஆண்டு என்று நம்பக்கூடாது. கரையோரம் இருபது வருடம் பழையதாக இருக்கலாம், அலங்காரச் சட்டகம் மட்டும் புதிதாக இருக்கலாம்.

அம்மன்னீல் கோட்டையையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. ஊர்காவற்துறைக்கும் காரைதீவுக்கும் நடுவே, கடலுக்குள் எண்கோணமாக நிற்கும் அந்தச் சின்னக் கோட்டையைப் பறங்கியர் கட்டினார்கள். 1658-ல் குடிதண்ணீர் இல்லாமல்போய் அது ஒல்லாந்தரிடம் சரணடைந்தது. அவர்கள் வைத்த பெயருக்குப் பன்றித் தொடையின் குதிகால் என்று பொருள். இலங்கைத் தீவு முழுவதும் தொங்கவிட்ட பன்றித் தொடை, அதன் ஒடுங்கிய நுனியில் இந்தக் கோட்டை. ஊர்காவற்துறை இறங்குதுறையில் நின்று பார்க்கும் எவருக்கும் அப்படி ஒரு உருவம் கண்ணில் படாது. மேசைமேல் முழு இலங்கையின் படத்தை விரித்து வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய பெயர் அது.

இப்போது பூட்டிய அலமாரிக்கு வருகிறேன்.

கம்பனிக்கு அம்ஸ்டர்டாமில் தனியாக வரைபட அலுவலகம் இருந்தது. ஹெசல் ஹெரிட்ஸ், அவருக்குப் பின் 1633-ல் வில்லெம் பிளாவு, அவருக்குப் பின் 1638-ல் மகன் யொவான் பிளாவு என்று அதன் தலைமை வரைபடக்காரர் பதவி கைமாறியது. ஆழம் எவ்வளவு, திட்டு எங்கே, எந்தத் துறையில் எந்தக் காற்றுக்கு ஒதுங்கலாம் என்பதெல்லாம் திரும்பி வந்த மாலுமிகளின் குறிப்பேடுகளிலிருந்து இங்கேதான் சேர்ந்தது. தோல்தாளிலும் கடுதாசியிலும் கையால் படி எடுத்துக் கப்பலுக்குக் கொடுப்பார்கள். பயணம் முடிந்ததும் திருப்பி ஒப்படைக்கவேண்டும். அச்சிடுவதில்லை. வெளியே விடுவதில்லை என்று வரைபடக்காரர் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும். இதில் வியப்பு என்னவென்றால் பிளாவு பகலில் கம்பனியின் இரகசியப் படத்துக்குக் காவலர், அதே நகரத்தில் நிலப்படத் தொகுதி விற்கும் வியாபாரியும் அவரே. தன் கையில் இருந்த நல்ல தகவலைத் தன் சொந்த அச்சுக்குள் முழுதாக விட அவருக்கு அனுமதி கிடையாது. அதனால்தான் அந்தப் பேரழகான தொகுதிகளில் ஆசியக் கடற்கரைகள் பல இடங்களில் பழசாகவே கிடக்கின்றன. கம்பனியின் ஆசியக் கடற்படங்கள் அச்சில் வெளிவர 1753 ஆயிற்று. வான் கூலன் வீட்டார் தங்கள் கடல்தீபம் என்ற தொகுப்பின் ஆறாம் பாகமாக அவற்றைப் போட்டார்கள். நூற்றைம்பது வருடத்து இரகசியம்.

இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியவர் என் பெரியப்பா. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே வள்ளம் ஓட்டி, பிறகு லோஞ்சியில் தண்டயலாக இருந்தவர். பல்தேயஸ் படத்தின் பெரிய நகல் ஒன்றைக் கொண்டுபோய் அவருடைய கட்டிலில் விரித்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"கரையெல்லாம் கிட்டமுட்டச் சரி பிள்ளை. பாடுபட்டுத்தான் கீறியிருக்கிறான். கல் எங்க? சேறு எங்க? சோழகம் எழும்பேக்க எந்தப் பக்கத்தால விடுறது?"

"இது நூறு மைலை ஒரு தாளில போட்ட படம் பெரியப்பா. அவ்வளவும் இதில வராது."

"வராட்டி இது ஆருக்கு? இதை வச்சுக்கொண்டு ஒருத்தனும் தோணி விடேலாது."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாவிலித்துறையிலிருந்து புறப்பட்டார். நயினாதீவுக் கோபுரத்தை எதனோடு நேர்பிடிப்பது, பரவைக்கடலில் எங்கே பெருக்கு நேரத்தில் மட்டும் ஓடலாம், எங்கே வத்தில் அடி தட்டும், வாடையில் எது, கச்சானில் எது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு எழுதக் கை போதவில்லை. நான் அதுவரை ஹேக் நகர ஆவணக்காப்பகத்துக் கையெழுத்துப் படங்களின் படிமங்களை இணையத்தில் பார்த்து, ஆழ எண்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்களும் பெரியப்பா சொன்னதும் ஒரே வகை அறிவு. ஒன்று கம்பனிக் கட்டடத்தில் பூட்டியிருந்தது, மற்றது தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய்வழி வந்தது. பெருங்கப்பல்கள் நுழைய முடியாத இந்த ஆழமற்ற கடலில் ஒல்லாந்தர் எங்கள் தோணிகளை நம்பித்தான் இருந்தார்கள். கம்பனியின் தாள்களில் அந்தக் கலத்துக்குத் தோணி என்ற எங்கள் சொல்லையே எழுதினார்கள். கூலிக்குத் தோணி விட்டவர்களின் அறிவு எவ்வளவு அந்த எண்களுக்குள் போயிருக்கும் என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. ஆனால் போகாமல் இருந்திருக்க வழியே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் கடலைப் பற்றிய ஆவணம் என்று ஒல்லாந்தத் தாளை மட்டும் தூக்கி வைப்பவர்களிடம் நான் நயினாதீவுக் கல்லைப் பற்றிச் சொல்வதுண்டு. நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கும் அந்தக் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் 12-ஆம் நூற்றாண்டு ஆணை. தமிழில் இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-ல் அதை வாசித்து வெளியிட்டார். அது சொல்வது இதுதான்: பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் உண்டு; யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; மற்றச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஒல்லாந்தர் வருவதற்கு ஐந்நூறு வருடம் முந்திய ஆணை இது. கலங்கள் உடைந்துகொண்டே இருந்த கடல், அதற்கென்று சட்டமே எழுதவேண்டியிருந்த கடல், பல தேசத்தவர் வந்துபோன துறை. கோடு எதுவும் கீறாமலே இது எங்கள் கடலை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்று பாருங்கள். பல்தேயஸ் தன் காதால் கேட்டு எழுதிய ஊராத்துறை என்ற பெயர் இந்தக் கல்லில் அவருக்கு முன்னமே இருந்தது.

குதிரையையும் கவனியுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் குதிரை கப்பலில் வந்திறங்கிய விலைமதிப்பான பொருள். பறங்கியர் காலத்தில் நெடுந்தீவில் குதிரை விட்டார்கள். ஒல்லாந்தர் அதை ஒழுங்கான வளர்ப்பாக்கினார்கள். யாழ்ப்பாணத்தின் தளபதியாக இருந்த ஹென்றிக் ஸ்வார்டக்ரூன் 1697-ல் எழுதிவைத்த குறிப்பில் அந்தக் குதிரை வளர்ப்புப் பற்றி வருகிறது. பிறகு ஆங்கிலேய லெப்டினன்ட் நோலன் காலத்திலும் அது தொடர்ந்தது. நெடுந்தீவில் குதிரை லாயத் தூண்களும் சாராப்பிட்டிக் கிணறுகளும் இன்றும் இருக்கின்றன. கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. கோடை இறுகும்போது அவை தண்ணீருக்கு அலைந்து சாவதையும் நாங்கள் பார்க்கிறோம். 2015-ல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். செப்புத் தகட்டில் வெறும் வெள்ளையாக விட்டிருக்கும் அந்த நிலப்பரப்பைப் பார்க்கிறவர்கள் இதையெல்லாம் அதற்குள் நிரப்பிப் பார்க்கவேண்டும். கல்வேலிகள், வடலிகள், கிணறுகள், வெடியரசன் கோட்டை என்று சொல்லும் அந்தக் கற்குவியல், பூங்குளத்தில் நிற்கும் குதிரைகள்.

படத்தில் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பழைய ஒல்லாந்தப் படங்களில் ஒரு பாகைக்கு 15 மைல் என்ற கணக்கில் அளவுகோல் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு மைல் எங்கள் கணக்கில் சுமார் 7.4 கிலோமீற்றர். நெடுந்தீவு அதன் நீளப்பாட்டில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அதாவது ஒரு ஒல்லாந்த மைலைக் கொஞ்சம் தாண்டவேண்டும். அளவுகோலைக் கவராயத்தால் எடுத்துத் தீவின்மேல் வைத்தால், வரைந்தவருக்குத் தீவு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது உடனே தெரிந்துவிடும். முழு இலங்கையைக் காட்டும் படங்களில் இதைச் செய்தால் எங்கள் தீவுகள் ஊதிப்போய் இருக்கும், அல்லது இருக்கவேண்டிய இடத்தில் இராது. 1680 அளவில் வந்த நிக்கோலாஸ் விஷரின் இலங்கைப் படம் அழகானது. 1724 தொடக்கம் 1726 வரை வந்த வலென்டைனின் பெருநூலிலுள்ள படமும் அப்படியே. எனக்கு அவற்றை நிறையப் பிடிக்கும். ஆனால் தீவகத்துக்கு வந்துபோன ஒருவரின் கண் பல்தேயஸிடம்தான் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அசல் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் கம்பி வலையின் கோடுகள் தெரியவேண்டும். அது கையால் செய்த தாள். தகட்டு விளிம்பின் அமுக்கத்தை விரல்நுனியால் தடவினால் உணரலாம், மைக்கோடு மெல்லியதாக மேலே எழும்பி நிற்கும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இந்தக் காலத்து அச்சு, எவ்வளவு பழுப்பாக இருந்தாலும். நூலுக்குள் மடித்து வைத்த படம் என்பதால் நடுவில் மடிப்புத் தடம் இருப்பது நல்ல அறிகுறி. நிறத்தைக் கண்டு மயங்கவேண்டாம். பல்தேயஸ் நூலின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகவே விற்கப்பட்டவை. இன்று கடைகளில் காணும் பச்சையும் மஞ்சளும் பல சமயம் பிற்காலத்தில் யாரோ தீட்டியது. நிறம் தீட்டுவது அந்தக் காலத்தில் தனித் தொழில். அம்ஸ்டர்டாமில் டிர்க் யன்ஸ் வான் சாண்டன் அதில் பெரிய பெயர். அவர் கை பட்ட தொகுதிகளுக்குத் தனி மதிப்பு. இன்னொன்று, இப்படித் தனித்தாளாக விற்கும் ஒவ்வொரு படமும் யாரோ ஒரு நூலைக் கிழித்துப் பிரித்ததால் வந்தது. ஒரு முழு நூலைப் பிரித்துத் தாள் தாளாக விற்றால் கூடக் காசு வரும் என்பதால் இன்றும் அது நடக்கிறது. படம் வேண்டுமென்றால் ஏற்கெனவே பிரிந்த தாளைத் தேடுங்கள். முழு நூல் கண்ணில் பட்டால், தயவுசெய்து அது முழுதாகவே ஒரு நூலகத்துக்குப் போக வழி பாருங்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்துபோன ஊர்க்காரர்கள் நாங்கள். நூலைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் இயலாது.

காசு செலவழிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹேக் தேசிய ஆவணக்காப்பகம் கம்பனியின் கையெழுத்துப் படங்களைப் பெருமளவில் இணையத்தில் போட்டிருக்கிறது, பெருக்கிப் பெருக்கிப் பார்க்கலாம். கொழும்பு நில அளவைத் திணைக்களத்துப் பழைய படங்களுக்கு ஆர். எல். புரோகியரும் போலஸும் செய்த விவரப் பட்டியல் 1951-லேயே வந்துவிட்டது. ஒல்லாந்தர் காலத்து இலங்கைப் படங்களை ஆர். கே. டி சில்வாவும் போமரும் 1988-ல் ஒரே பெரிய நூலாகச் சேர்த்தார்கள். இத்தனைக்கும் பிறகு தமிழில் ஒரு பட்டியல்கூட இல்லாமலிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எந்தப் படத்தில் எங்கள் எந்த ஊர், எந்த எழுத்துக்கோவையில், எந்த ஆண்டில் வருகிறது என்பதைத் தமிழில் ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டும். நான் தீவகத்துக்குத் தொடங்கியிருக்கிறேன்.

அதன் மறுபாதிக்கு உங்கள் உதவி வேண்டும். பூட்டிய படங்களில் இருந்த வகை அறிவு, அதாவது கல், திட்டு, ஓடை, ஒதுங்குமிடம், நேர்பிடிக்கும் அடையாளம் ஆகியவற்றின் எங்கள் பெயர்கள், எங்கும் எழுதப்படவில்லை. எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, மண்டைதீவுக் கடலில் வள்ளமோ வத்தையோ தோணியோ விட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, எந்தக் காற்றுக்கு எந்த வழி என்று கேளுங்கள். படத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேட்டால் நிறைய வரும். பெரியப்பாவிடம் எனக்கு அப்படித்தான் வந்தது. பதிவை அனுப்பும்போது பேசியவரின் ஊரையும், எந்தக் காலத்தில் ஓடினார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.